‘நாளைக்கு’ டாக்டர்

போடியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘நாளைக்கு டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். வியாழக்கிழமை காலையில், “நாளைக்கு டாக்டர் வந்துட்டாரு” என்று வராந்தாவில் யாராவது சொன்னால் போதும், பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார் எல்லோரும் அவசர அவசரமாகப் பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிடுவோம். சளி அவர் கண்ணில் பட்டால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது.

அவர் மயக்க மருந்து கொடுக்கிறவர். கத்தி பிடிக்கிற சர்ஜன் வேறொருவர், உள்ளூர்க்காரர். மயக்க மருந்துக்கு மட்டும் இவரை வாரம் ஒருநாள் வரவழைத்தார்கள். மற்ற நாட்களில் பெரியகுளம், கம்பம் என்று சுற்றிக்கொண்டிருப்பார். எழுபதுகளின் பிற்பாதி அது. எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கென்று படித்தவர்கள் அபூர்வம்.

பஸ்சில்தான் வருவார். ஒடிசலான, உயரமான ஆள். முகத்துக்குப் பொருந்தாத அளவுக்கு அடர்ந்த மீசை. கையில் கறுப்புத் தோல்பை. அதற்குள் இருந்த ஈத்தர் மருந்தின் வாடை அவருடைய சட்டையிலும் ஏறியிருக்கும். ஒருமுறை நான் ஏறிய பஸ்சில் அவரும் இருந்தார். கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “யாருய்யா அது பெட்ரோல் டின்னு கொண்டாந்தது? எறங்கு கீழ” என்று சத்தம் போட்டார். இவர் பையைத் திறந்து காட்டினார்.

“பெட்ரோல் இல்லண்ணே. பிள்ளைகளைத் தூங்க வைக்கிற மருந்து.”

அதற்குப் பிறகு கண்டக்டர் அவர் இருந்த பக்கமே வரவில்லை. டிக்கெட்டைக்கூட ஆள்மாற்றித்தான் கொடுத்தனுப்பினார்.

கடைசி நேரத்தில் ஆபரேஷனை நிறுத்துகிற டாக்டர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிறுத்திவிட்டு, அதைச் சொல்ல நர்சை அனுப்புவார்கள். நர்ஸ் ஆயாவை அனுப்புவார். ஆயா வந்து, “இன்னைக்கு இல்லையாம், போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. இவர் அப்படிச் செய்யமாட்டார். தானே வருவார். வந்து, தரையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு எதிரே தானும் தரையில் உட்கார்ந்துவிடுவார். நீளமான கால்களை மடக்கிச் சம்மணம் போட அவருக்குச் சிரமமாக இருக்கும். “இன்னைக்கு வேண்டாம்” என்பார். காரணத்தைச் சொல்வார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் ஏசி முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கமாட்டார்.

முதல்முறை அப்படி அவர் உட்கார்ந்தது எங்களுக்கு எதிரேதான்.

போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏல எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மாரடிக்கிற வேலை. மகன் பாண்டிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருக்கும். அழுதாலும் முக்கினாலும் அவனுக்கு அடிவயிற்றின் ஓரத்தில், தொடை இடுக்கில், எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் எழும்பும். படுக்கவைத்தால் தானே உள்ளே போய்விடும். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான், செய்துவிட்டால் பயமில்லை என்றார் சர்ஜன். செய்யாமல் விட்டால் என்றைக்காவது உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அவனை அழவிடவே பயந்தோம். எஸ்டேட்டில் அவன் கேட்டதெல்லாம் கிடைத்தது அந்த வீக்கத்தால்தான்.

இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு, புதன்கிழமையே ஜீப்பைப் பிடித்து இறங்கிவந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தோம். விடிந்ததிலிருந்து பாண்டி பசி, பசி என்று ஒரே அழுகை. தண்ணீர்கூடத் தரக்கூடாது. அவனை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அவர் வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காதில் மாட்டுகிற குழாயை அவன் காதில் மாட்டித் தன் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொன்னார். அவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“என்ன மாப்ளே, சத்தம் கேக்குதா? ராத்திரி இருமுனீங்களா?”

“ஆமா. அப்பா மேல கக்கிட்டேன்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ராத்திரி அவனுக்கு இருமல் இருந்தது எங்களுக்குத் தெரியும். சர்ஜனிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

டாக்டர் குழாயை வாங்கி அவன் நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். பிறகு மெதுவாகக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

“இன்னைக்கு வேண்டாம். நெஞ்சுல சளி இருக்கு. இந்தச் சளியோட தூங்க வச்சா மூச்சு அடைக்கலாம். சரியாகட்டும். செய்வோம்.”

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

“நாங்க எங்கருந்து வர்றோம்னு தெரியுமாய்யா ஒங்களுக்கு? சோலியை விட்டுட்டு, மழையில நனைஞ்சு, ஜீப்புல தொங்கிக்கிட்டு வர்றோம். விடிஞ்சதுலருந்து எம்புள்ள பச்சத் தண்ணி குடிக்கல. நீங்க மட்டும் வயிறார வடையைத் தின்னுட்டு வந்து வேண்டாம்னு சொல்றீங்க. மீசையில தூளு ஒட்டியிருக்கு, பாருங்க!”

டாக்டர் மீசையைத் தடவிப் பார்த்தார். விரலில் வடைத்தூள் வந்தது.

“ஆமா” என்றார். “எனக்குப் பசி தாங்காது.”

மேற்கொண்டு ஏச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் கேட்டார், “ஏசி முடிச்சுட்டீங்களா? அப்ப மொதல்ல பிள்ளைக்குச் சாப்பிடக் குடுங்க. பட்டினி போட்டது நாங்க. இனிமே ஒரு நிமிசம் பட்டினி கெடக்கக்கூடாது.” ஆயாவை அனுப்பிப் பக்கத்துக் கடையில் இட்லி வாங்கிவரச் செய்து, பாண்டி முதல் வாயை விழுங்குகிறவரைக்கும் பார்த்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மலைக்குத் திரும்புகிற வழியெல்லாம் நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டே போனோம்.

இரண்டாவது தடவை மூக்கில் சளி இல்லை, நெஞ்சில் இருமல் இல்லை. பதினைந்து நாளாகப் பிள்ளையைப் பனியில் இறக்காமல் காத்துக் கொண்டுவந்திருந்தேன். பசிக்கு அழுதவனை வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வருவதற்குள் பாண்டி சிரித்துக்கொண்டு திரும்பினான். சரி, பஸ்சையும் மாட்டையும் பார்த்துச் சமாதானமாகிவிட்டான் போல என்று நினைத்தேன்.

டாக்டர் வந்து அவன் முன்னால் குந்தினார். கறுப்பு ரப்பர் முகமூடியைத் தன் மூக்கில் வைத்து யானை மாதிரிப் பிளிறிக் காட்டினார். பிறகு, பேச்சோடு பேச்சாக, “மாப்ளே இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

“முறுக்கு” என்றான் பாண்டி, பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த பொட்டிபுரத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் கையில் முறுக்கைக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் சர்ஜனுடைய ஆள் கூப்பிடுகிறாரா என்று உள்ளே எட்டிப் பார்த்த நேரம். அந்தப் பெண்ணே ஓடிவந்து, “ஒரு கடிதான்யா கடிச்சான், பாவம் பச்சப்புள்ள” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் காலை மடக்கினார்.

“இன்னைக்கு வேண்டாம். மயக்கத்துல வாந்தி எடுத்தா நெஞ்சுக்குள்ள போயிரும்.”

அன்றைக்கு ஏசியது நான். வாத்தியார் வேலை பார்க்கிறவள் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. கடைசியில், ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததையும் கேட்டேவிட்டேன்.

“எந்தப் பிள்ளையோ ஒங்க கையில போயிருச்சாம். அதுலருந்துதான் ஒங்களுக்கு இந்தப் பயமாமே. அந்தப் பயத்துக்கு எம்புள்ள என்ன செய்வான்?”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்படி எந்தப் பிள்ளையும் போகலம்மா. போகாம இருக்கணும்னுதான் இப்படி ஏச்சு வாங்குறேன்.”

பிறகு சொன்னார், “நான் ஏன் பிள்ளைகிட்டயே கேக்குறேன்னு ஒங்களுக்குக் கோவம் இருக்கும். பெரியவங்க திரும்பிப் போற பஸ்சை நெனச்சு பதில் சொல்வாங்க. தப்பு இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். பிள்ளைக்கு பஸ்சு தெரியாது.”

அவர் சொன்னதெல்லாம் எப்போதும் பலித்தது என்று சொல்லமாட்டேன். ஊரில் பெரிய தோப்புக்காரர் ஒருவரின் பேரனை, தொண்டைச் சதை ஆபரேஷனுக்கு வந்தவனை, இதே போல இருமலுக்காக நிறுத்தினார். அந்தச் சண்டையை வார்டு சிஸ்டர் எனக்குச் சொன்னார். கார் வாசலில் நின்றதாம். சர்ஜனே வந்து, “செஞ்சிருவோமே” என்று கெஞ்சினாராம். இவர் கேட்கவில்லை. “வேற ஊருக்குக் கொண்டுபோறோம்” என்று அவர்கள் கிளம்பியபோது, “கொண்டுபோங்க. ஆனா இருமலை அங்கயும் மறைக்காம சொல்லிருங்க” என்றாராம். மதுரையில் மறுநாளே ஆபரேஷன் நடந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோப்புக்காரர் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இந்தச் செய்தியை சிஸ்டர் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னபோது, “நல்லா இருக்கானா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம். அடுத்த வாரமும் இருமலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினாராம்.

மூன்றாவது தடவைக்கு நாள் குறித்துக்கொண்டு நாங்கள் மேலே போனோம். அந்த நாள் வருவதற்கு முன்னால் ஆடி மழை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் பொழுது சாயும்போது பாண்டி அழ ஆரம்பித்தான். வீக்கம் எழும்பியது. படுக்கவைத்தோம். உள்ளே போகவில்லை. சூட்டுவலி என்று எண்ணெய் தடவிப் பார்த்தோம். தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்தான். விடிந்ததும் பார்த்தால் வீக்கம் கல்லு மாதிரி இருந்தது. தொட்டால் அலறினான். பச்சையாக வாந்தி எடுத்தான். சர்ஜன் சொன்ன ‘என்றைக்காவது’ அன்றைக்கு வந்துவிட்டது.

ஏலக்காய் மூடை ஏற்றவந்த ஜீப்பில் லோடை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றினார்கள். மூணாறு பக்கத்து மலையாளத்து டிரைவர். வளைவுக்கு வளைவு பனி மூட்டம். முன்னால் ரோடு தெரியவில்லை. பாண்டி என் மடியில் சுருண்டு கிடந்தான். அழக்கூடத் தெம்பில்லை. எந்த அழுகைக்காக இத்தனை நாளாகப் பயந்தேனோ அந்த அழுகை வராதா என்று இருந்தது.

“பேடிக்கண்டா சேச்சி, எத்திப்போயி” என்று டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படாதே, வந்துவிட்டோம் என்று. வந்தபாடாக இல்லை.

போடி வந்து சேர்ந்தால் அன்றைக்கு வியாழக்கிழமை இல்லை. மயக்க டாக்டர் பெரியகுளத்தில் இருந்தார். சர்ஜன் பிள்ளையின் காலைத் தூக்கிப் பிடித்து, ஈரத்துணி வைத்து, வீக்கத்தை உள்ளே தள்ளப் பார்த்தார். போகவில்லை. முகம் மாறிவிட்டது. “குடல் சிக்கியிருக்கு. ரத்த ஓட்டம் நின்னா அழுகிரும். ஒடனே தெறக்கணும்” என்றார். பெரியகுளத்துக்குப் போன் போட்டார்கள். வருகிறேன் என்று சொன்னாராம். எப்படி வருவார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. மழைக்குப் பஸ்சுகள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன.

அவர் வாழைத்தார் ஏற்றிய லாரியில் வந்து இறங்கினார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தார். அதற்குமுன் அவரைப் பேண்டில்தான் பார்த்திருக்கிறேன். தலை நனைந்து, பையை மட்டும் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். நேரே பாண்டியிடம் போனார். இந்தத் தடவை மாப்ளே என்று கூப்பிட்டதற்கு அவன் கண்ணைத் திறந்து பார்த்தான், அவ்வளவுதான். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நானும் அந்தக் கரகர சத்தத்தை ஜீப்பில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். மழையில் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. எதெதற்காக அவர் திருப்பி அனுப்பினாரோ அது எல்லாமே அன்றைக்கு ஒன்றாக இருந்தது.

குழாயைக் கழற்றிவிட்டு அவர் எங்கள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தரையில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

“இப்பவே செய்யணும்” என்றார் டாக்டர்.

நாங்கள் அவரையே பார்த்தோம்.

“நெஞ்சுல சளி இருக்கு. வயித்துலயும் தின்னது தங்கியிருக்கு. மூக்கு வழியா குழாய் விட்டு முடிஞ்சதை எடுத்துருவேன். அப்பயும் ஆபத்துதான். அதை ஒங்ககிட்ட மறைக்கமாட்டேன். ஆனா செய்யாம விட்டா பிள்ளை தங்காது. ரெண்டு தடவையும் தள்ளிப்போட்டது நான்தான். அன்னைக்குச் செஞ்சிருந்தா இது வந்திருக்காது. ஏசுறதுன்னா வந்து கேட்டுக்கிறேன். இப்ப பிள்ளையைக் குடுங்க.”

மீசையைக் காட்டிச் சத்தம் போட்ட அதே மனிதர், என் வீட்டுக்காரர், பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். “கொண்டு போங்கய்யா, வெரசா போங்க” என்றார்.

கதவு சாத்தினார்கள். கதவின் அடியிலிருந்து ஈத்தர் வாடை வந்தது. நான் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாடை வருகிறவரைக்கும் மருந்து விடுகிறார்கள், மருந்து விடுகிறவரைக்கும் பிள்ளை மூச்சு விடுகிறான் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வாடை குறைகிற மாதிரி இருந்தபோது மூக்கைக் கதவிடுக்கில் வைத்து உறிஞ்சினேன். சிஸ்டர் வந்து இழுத்தும் நகரவில்லை.

உள்ளே ஒருமுறை ஏதோ தட்டு விழுந்தது. யாரோ ஓடினார்கள். “திருப்பு, திருப்பு, ஒருக்களிச்சுத் திருப்பு” என்று அவர் சத்தம் போட்டது கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருதடவைதான். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மழை மட்டும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அழுகைச் சத்தம் வந்தது. தொண்டை கம்மிப்போன, கோபமான அழுகை. என் பிள்ளையின் அழுகை எனக்குத் தெரியாதா?

நர்ஸ் வரவில்லை, ஆயா வரவில்லை. அவரே வந்தார். வேட்டியெல்லாம் வாந்தி.

“முழிச்சுட்டான். என்னைய எத்துறான்” என்றார். “குடல் கறுக்கல. வெந்நி ஒத்தடம் குடுத்ததும் நெறம் திரும்பிருச்சு. உள்ள வச்சுத் தச்சாச்சு.”

சொல்லிவிட்டு எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். சொன்னபடி ஏச்சு வாங்கத்தான் உட்கார்ந்தார் என்பது எனக்குக் கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது. என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் அழுது முடிக்கிறவரைக்கும் அங்கேயே இருந்தார்.

பாண்டி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருதரம் அவரிடம் கேட்டேன். “முன்னாடி அவ்வளவு பயந்தீங்க. அன்னைக்கு மட்டும் எப்படிய்யா துணிஞ்சீங்க?”

“துணிச்சல் எல்லாம் இல்லம்மா. பயந்துக்கிட்டேதான் செஞ்சேன்” என்றார். “முன்னாடி தள்ளிப்போட்டப்ப நட்டம் ஒங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்ல. அன்னைக்குத் தள்ளிப்போட்டா நட்டம் பிள்ளைக்கு. அவ்வளவுதான்.”

எண்பதுகளின் நடுவில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பாண்டி இப்போது தேனியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. யானை மாதிரி யாரோ பிளிறியது மட்டும் கனவு போல இருக்கிறது என்பான்.

எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அந்த வியாழக்கிழமைதான் முதலில் வரும். மழை விட்டு நல்ல வெயில். தையல் பிரித்தாயிற்று. சொல்லிக்கொண்டு போகலாம் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைத் தேடினேன். வராந்தாக் கோடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே குரங்கணியிலிருந்து வந்த ஒரு பெண், மடியில் காய்ச்சலில் முகம் சிவந்த சின்னப் பெண்பிள்ளை. அந்த அம்மாள் கையை நீட்டி நீட்டி ஏசிக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். “நீயும் புள்ளையோடதான வந்திருக்க? நீயே சொல்லு ஆத்தா. விடியமுன்ன மலையெறங்கி வந்தவளை, இன்னைக்கு வேண்டாம், போன்னா, இது நாயமா?”

நான் பாண்டியை இறக்கிவிட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய பெண்ணை வாங்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

“நாயமே இல்லக்கா” என்றேன். “நல்லா ஏசுங்க. நானும் ஏசியிருக்கேன், இவன் அப்பாவும் ஏசியிருக்காரு. ஏசி முடிச்சுட்டு, காய்ச்சல் விட்டதும் இவருகிட்டயே கூட்டிட்டு வாங்க.”

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் தலை நிமிர்ந்தார். அந்த மீசைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவருக்குப் பல் வரிசை அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.